பேக்கேஜ் சேர்த்தாகிவிட்டது என்று மெயில் வந்தாலும் நம்பாதீர்கள்

"உங்க புக்கிங்கில பேக்கேஜே இல்லையே சார்."

விமான நிலையக் கவுன்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார். பெட்டி எடை மேடையில் ஏறியிருந்தது. 18.6 கிலோ. நான் 20 கிலோ பேக்கேஜுக்கு, அதாவது சரக்கறையில் போகும் பெட்டிக்குப் பணம் கட்டியிருந்தேன், ரசீதும் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நாங்க கொடுத்த ரசீது இல்ல சார். நீங்க டிக்கெட் எடுத்த சைட்டு கொடுத்தது. எங்க சிஸ்டத்தில உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு ஒரு கைப்பைதான் காட்டுது."

கவுன்டர் மூட இருபது நிமிடம்தான் இருந்தது. பின்னால் வரிசை. அந்த நேரத்தில் யாரும் வாதாடிக்கொண்டு நிற்க மாட்டார்கள், கார்டை நீட்டுவார்கள். நானும் நீட்டினேன். பெட்டிக்கு ஒரு தொகை. வெப் செக்-இன் செய்யாமல், அதாவது போர்டிங் பாஸை முன்கூட்டியே இணையத்தில் எடுக்காமல் வந்ததற்கு ஆளுக்கு ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருடைய டிக்கெட் விலையைத் தாண்டியிருந்தது. அம்மா ரசீதை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெட்டியே இவ்வளவு விலை இல்லையேடா" என்றார்.

எங்கே கோட்டை விட்டேன் என்று சொல்கிறேன். குறைந்த கட்டண விமானத்தில் போகிறவர்கள், குறிப்பாக விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளம் வழியாக மூன்றாம் ஆளிடம் டிக்கெட் எடுக்கிறவர்கள், தயவுசெய்து படியுங்கள்.

ஒப்பீட்டுப் பட்டியலில் மேலே நின்ற தளத்தில் புக் செய்தேன். விமான நிறுவனத்தின் சொந்த விலையைவிடக் கொஞ்சம் குறைவு. கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் பயணக் காப்பீடு, "ஃபிளெக்ஸி" டிக்கெட், எஸ்எம்எஸ் தகவல், முன்னுரிமை வாடிக்கையாளர் சேவை என்று என்னென்னவோ கேட்டது. சிலவற்றில் டிக் முன்கூட்டியே போட்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. (ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி முன்கூட்டியே டிக் போட்டு விற்பதை 2008-ஆம் ஆண்டின் விமானச் சேவை விதி தடை செய்கிறது. கூடுதல் சேவை எதுவானாலும் பயணியே தேர்ந்தெடுத்தால்தான் செல்லும்.) இதையெல்லாம் தாண்டி வந்த தெம்பில், ஒரே ஒரு பெட்டிக்கு 20 கிலோ பேக்கேஜ் சேர்த்தேன். பணம் போனது. "உங்கள் பேக்கேஜ் சேர்க்கப்பட்டது" என்று பச்சை டிக்குடன் மெயில் வந்தது.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் அந்த மெயிலின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. கூடுதல் சேவைகள் "கோரிக்கை" மட்டுமே, விமான நிறுவனம் உறுதி செய்தால்தான் செல்லுமாம். கோரிக்கையைத் தளம் அனுப்பவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். விமான நிறுவனத்திடம் என் மெயில் முகவரிக்குப் பதிலாகத் தங்களுடைய முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கவுன்டரில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார்; எழுத்தும் எண்ணும் கலந்த, மனிதர் யாரும் திறந்து பார்க்காத ஒரு முகவரி. "வெப் செக்-இன் தொடங்கிவிட்டது", "உங்கள் டிக்கெட்டில் பேக்கேஜ் இல்லை, இப்போதே சேர்த்தால் மலிவு" என்று நிறுவனம் அனுப்பிய மெயில் எல்லாம் அங்கே போய் விழுந்திருக்கிறது. நானோ, போர்டிங் பாஸ் முந்தைய நாள் மெயிலில் வரும் என்று தளம் சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தேன். வராதபோதாவது விசாரித்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டது என் சோம்பேறித்தனம், அதை ஒத்துக்கொள்கிறேன். முழுச் சேவை விமானங்களில் கவுன்டரில் போர்டிங் பாஸ் சும்மா தருவார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் காசு போகும்.

இருக்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 9-ஆம் வரிசை, அம்மாவுக்கு 27. பணம் கட்டி இருக்கை எடுக்காதவர்களைச் சிஸ்டம் இஷ்டத்துக்கு உட்கார வைக்கும். பக்கத்தில் இருந்த ஒரு பெண் இடம் மாறிக்கொள்ள ஒத்துக்கொண்டார், தப்பித்தோம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்தது போர்டிங் கேட்.

என்னிடம் ஒரு சின்னச் சக்கரப் பெட்டி இருந்தது. கடையில் ஒட்டியிருந்த லேபிள் அப்படியே இருக்கிறது, "கேபின் சைஸ்" என்று. கேட்டில் ஓர் இரும்புச் சட்டம் வைத்திருந்தார்கள். "அதுல வைங்க சார்" என்றார் ஊழியர். வைத்தேன். முக்கால்வாசி இறங்கி நின்றுவிட்டது. அழுத்தினேன், பக்கவாட்டில் திருப்பினேன், முன் ஜிப்பில் இருந்த புத்தகத்தை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். பெட்டி இறங்கியது. சக்கரம் மட்டும் இரண்டு விரல் அளவுக்கு வெளியே நின்றது.

"வீல் வெளிய நிக்குது."

"வீலையும் சேர்த்தா அளப்பீங்க?"

"வீல், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் சார் அளவு."

பெட்டி தயாரிப்பவர்கள் பல நேரம் உடம்பின் அளவை மட்டும் லேபிளில் போடுகிறார்கள். விமான நிறுவனம் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளக்கிறது. அந்த இரண்டு விரலுக்கு நான் கொடுத்த தொகை, கவுன்டரில் பெரிய பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

"கேபின் சைஸ்" என்று பொதுவான ஓர் அளவே கிடையாது. ரயன்ஏரில் இலவசமாகக் கொண்டுபோகும் பை 40×30×20 சென்டிமீட்டர். 2025 வரை இன்னும் சின்னது. ஈஸிஜெட்டில் 45×36×20. ஏர்ஏசியாவில் அளவோடு எடையும் பார்ப்பார்கள்; சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பெட்டியும் தோள்பையும் சேர்த்தே 7 கிலோ. லேப்டாப் பை தனிக் கணக்கு என்று நினைத்துப் போய் நிற்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் தடையில்லாமல் போன பை இன்னொன்றில் மாட்டும். அளவும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் போன தடவை போனதை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்தப் பயணத்துக்கு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள்.

கேட்டில் நின்ற ஊழியர் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்று அப்போது புரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். அமெரிக்க செனட்டின் உட்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஃபிரான்டியர், ஸ்பிரிட் ஆகிய இரண்டு நிறுவனங்கள் 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் மட்டும் கேட் ஊழியர்கள் உள்ளிட்டோருக்கு 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்திருக்கின்றன. பையைப் பிடித்ததற்கும், பயணிகளைப் பணம் கட்ட வைத்ததற்கும். ரயன்ஏரும் பெரிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குப் பைக்கு இவ்வளவு என்று போனஸ் தருகிறது, அதன் தலைமை நிர்வாகி அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். நான் போன நிறுவனத்தில் அப்படி இருந்ததா என்று தெரியாமல் அந்த ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்துப் பேசி, கெஞ்சி, "இந்த ஒரு தடவை" என்று சமாளிக்கலாம் என்ற நினைப்போடு மட்டும் கேட்டுக்குப் போகாதீர்கள்.

இந்தத் தொழிலின் சூட்சுமமே நேரத்தில்தான் இருக்கிறது. அதே பெட்டி, அதே எடை. டிக்கெட் எடுக்கும்போது சேர்த்தால் பொதுவாகக் குறைந்த விலை. பிறகு தளத்தில் போய்ச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். கவுன்டரில் இன்னும் கூடும். கேட்டில் உச்சம். பெட்டியைத் தூக்கிப் போட ஆகும் செலவு எங்கே கட்டினாலும் ஒன்றுதான், அதனால் இந்த வித்தியாசம் செலவுக்கான விலை இல்லை. உங்களுக்கு வேறு வழி இல்லாமல் போகப் போக ஏறுகிற விலை. 2010-இல் ஸ்பிரிட் நிறுவனம் மேலே வைக்கும் கைப்பெட்டிக்கே காசு வாங்கப் போவதாக அறிவித்தபோது அமெரிக்காவில் பெரிய ரகளை ஆனது. இப்போது அது பல இடங்களில் சாதாரணம்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், இடத்துக்கு இடம் மாறும். நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பைக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. "நியாயமான" என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்பதில்தான் இன்றுவரை இழுபறி. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. கைப்பெட்டிக் கட்டணம் அதில் முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இவர்கள் சண்டை முடியும்வரை கேட்டில் நிற்கிறவர் காசு கட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் ஆளிடம் எடுத்தால் இருக்கிற பாதுகாப்பும் நழுவிப் போகலாம். அமெரிக்க விதிப்படி, புறப்பட ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் செலவில்லாமல் ரத்து செய்ய வழி தர வேண்டும். அல்லது அதுவரை பணம் வாங்காமல் விலையைப் பிடித்துவைக்க வேண்டும். ஆனால் அந்தக் கடமை விமான நிறுவனத்துக்குத்தான், இடையில் விற்கும் தளத்துக்கு இல்லை. பெயரில் எழுத்துப் பிழை என்றாலும் இதே கதை. நிறுவனத்திடம் நேரே போனால் சின்னத் திருத்தத்தைச் சில இடங்களில் இலவசமாகச் செய்வார்கள். நீங்கள் ஏஜென்டிடம் எடுத்திருந்தால், "அங்கேயே கேளுங்க" என்பார்கள். ஏஜென்ட் அதற்கு ஒரு சர்வீஸ் சார்ஜ் போடுவார்.

என் பணத்துக்கு என்ன ஆனது? தளத்துக்கு எழுதினேன். "விமான நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளவும்." நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் ஏஜென்டைத் தொடர்பு கொள்ளவும்." ஐந்து வாரம் கழித்து, வராத பேக்கேஜுக்கு நான் கட்டிய தொகையைக் கூப்பனாகத் தருவதாகத் தளம் சொன்னது. அவர்களிடமே மறுபடி புக் செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள். வேண்டாம் என்று எழுதிவிட்டு, கார்டு கொடுத்த வங்கியில் தகராறு பதிவு செய்தேன். அங்கே உதவியது மூன்றே காகிதம்: தளத்தின் ரசீது, அவர்கள் பச்சை டிக் போட்ட மெயில், கவுன்டரில் மறுபடி பணம் கட்டிய ரசீது. ஒரே பெட்டிக்கு இரண்டு முறை பணம் போனது அதில் தெளிவாக இருந்தது. தளத்துக்குக் கட்டிய பேக்கேஜ் பணம் திரும்பி வந்தது. கவுன்டரில் கொடுத்த கூடுதல் தொகை, செக்-இன் தண்டம், கேட் தண்டம் எதுவும் வரவில்லை, வராது. கவுன்டர் ரசீதைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தால் இதுவும் வந்திருக்காது.

கேட்டில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். பெட்டியை அங்கே பிடுங்கிச் சரக்கறைக்கு அனுப்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெட்டி வண்டியில் ஏறப் போன நேரத்தில்தான் எனக்கு நினைவு வந்தது, பவர் பேங்க் உள்ளே இருக்கிறது. அது சரக்கறைக்குப் போகவே கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, அடியில் கிடையாது. அம்மாவின் மாத்திரை டப்பாவும் அதே பெட்டியில். அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து இரண்டையும் எடுத்தேன். கேட்டில் பெட்டி போகும் என்று ஆகிவிட்டால், காசைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம், முதலில் பேட்டரி, மருந்து, சாவி, பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

திரும்பி வருவதும் அதே புக்கிங்கில்தான். இந்த முறை தளத்தை நம்பவில்லை. டிக்கெட்டில் இருந்த ஆறு எழுத்து பிஎன்ஆரை வைத்து விமான நிறுவனத்தின் தளத்துக்குள் போனேன். முதல் வேலையாக மெயில் முகவரியையும் போன் நம்பரையும் என்னுடையதாக மாற்றினேன். பேக்கேஜ் அங்கேயே வாங்கினேன். கவுன்டரில் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. பணம் கட்டும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா" என்று கேட்டதை மறுத்து, டிக்கெட் விலை எந்தப் பணத்தில் இருந்ததோ அதிலேயே கட்டினேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். பெரும்பாலும் வங்கி போடுவதைவிட மோசமாக இருக்கும். செக்-இன் திறந்த அன்றே போர்டிங் பாஸ் எடுத்து போனில் சேமித்தேன். இருக்கை வாங்கச் சொல்லும் பக்கத்தில், வேண்டாம் என்ற சொல்லைக் கீழே மங்கலாக வைத்திருந்தார்கள். தேடித்தான் அழுத்த வேண்டியிருந்தது.

எடைக்குத் தராசு இல்லை. குளியலறையில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் இருந்தது. நான் வெறுமனே ஏறி நின்றேன், அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன், கழித்தேன். 19.2. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு புத்தகத்தை வெளியே எடுத்தோம். அந்தச் சக்கரப் பெட்டியைக் காலியாக மடக்கிப் பெரிய பெட்டிக்குள் வைக்க முடியாததால் அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கேட்டில் அதே மாதிரி இரும்புச் சட்டம். யாரும் கூப்பிடவில்லை. அம்மா தானாகவே போய்த் தன் பையை அதற்குள் இறக்கிப் பார்த்தார். அடிவரை போனது. வெளியே எடுத்தார், என் துணிப்பையையும் வாங்கி வைத்துப் பார்த்தார். ஊழியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவரின் பாஸை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்.