ஈப்போவில் அரை நாள் கைடு டூர்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

பள்ளி விடுமுறை வந்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரை அடுத்த எங்கள் சுங்கை சிப்புட்டில் பல வீடுகளில் இதே பேச்சுதான். கோலாலம்பூரிலிருந்து மகன் குடும்பம் வந்திருக்கும், இல்லையென்றால் தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருப்பார்கள். தோட்டத்துக் கோயில், பழைய லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), செம்பனைக் காடு எல்லாவற்றையும் முதல் நாளே காட்டி முடித்தாயிற்று. மறுநாளுக்கு ஈப்போ. அப்போது யாராவது ஒருவர் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டுவார்: அரை நாள் சுற்றுலா, ஏசி வேன், கைடு உண்டு, தலைக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்).

வீடு உடனே இரண்டு கட்சியாகப் பிரியும். "நம்ம ஈப்போவுக்கு எதுக்கு மாமா கைடு? சின்ன வயசுல இருந்து போயிட்டு வர்ற ஊருதானே" என்பது ஒரு கட்சி. "போயிட்டுத்தான் வர்றோம், அந்த மணிக்கூண்டு யாருக்குக் கட்டுனதுன்னு கேட்டா தெரியுமா?" என்பது எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சி கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை வேன் டூர்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அரை நாள் டூர் என்று விற்பதில் இரண்டு பொருள் ஒரே பொட்டலத்தில் வருகிறது. ஒன்று வண்டியில் ஓர் இருக்கை. இன்னொன்று விஷயம் தெரிந்த ஒருவரின் பேச்சு. இரண்டையும் தனித்தனியாக விலை பேசினால் குழப்பம் பாதி தீரும்.

முதலில் பழைய நகரம். இங்கே வண்டிக்கு வேலையே இல்லை. சுங்கை சிப்புட் நிலையத்தில் இடிஎஸ் மின்ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஈப்போ. எல்லா ரயிலும் நம் ஊரில் நிற்காது, அதனால் நேரம் பார்த்துத் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. இறங்கும் நிலையமே பார்க்க வேண்டிய முதல் இடம். கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வரைந்து 1917இல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம். எதிரே தெரியும் நகர மண்டபமும் அவர் வரைந்ததுதான். அங்கிருந்து மணிக்கூண்டு, திடல், சுவரோவியங்கள், பழைய கோப்பிக்கடைகள் எல்லாமே நடை தூரம். வேன் டூரில் வருகிறவர்களும் இந்தப் பகுதியை இறங்கி நடந்துதான் பார்க்கிறார்கள். அப்படியென்றால் இங்கே வேனுக்குக் கொடுத்த காசு எங்கே போனது?

பேச்சுக்குக் கொடுக்கும் காசோ இங்கேதான் பலன் தருகிறது. மணிக்கூண்டையே எடுத்துக்கொள்வோம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக ஆங்கிலேயர் வைத்த அதிகாரி) பர்ச், 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909இல் எழுப்பியது இது. சரி, அது நிற்கும் சாலையின் பெயர் என்ன? ஜாலான் டத்தோ சாகோர். அந்தக் கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர்தான் மலாய்த் தலைவர் டத்தோ சாகோர். கொலையுண்டவருக்குக் கோபுரம், அதற்காக உயிரை விட்டவருக்குத் தெரு, இரண்டும் ஒரே இடத்தில். ஆங்கிலேயன் கட்டியதை இடிக்காமல் சாலைப் பெயரை மட்டும் மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் போனால் அது ஒரு பழைய கடிகாரம், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். கோபுரத்தைச் சுற்றி மோசே, புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று 44 உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். யார் யார் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விட்டால் அரை மணி நேரம் சத்தமில்லாமல் கழியும்.

சுவரோவியங்களுக்கு ஆள் வேண்டாம். பினாங்கில் வரைந்து பெயர் பெற்ற லிதுவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரெவிச் இங்கேயும் வரைந்திருக்கிறார். கைப்பேசி வரைபடமே கொண்டுபோய் நிறுத்திவிடும். லோரோங் பங்லிமா சந்துக்கும் அப்படியே. ஈயச் சுரங்கம் கொழித்த காலத்துத் தவுக்கேமார்களின் (சீன முதலாளிகளின்) கதை பின்னால் இருக்கிறது என்றாலும், இப்போது அங்கே இருப்பது நினைவுப்பொருள் கடையும் ஐஸ்கிரீமும்தான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோப்பிக்கடைக்கு வழிகாட்டி வைத்துக்கொள்கிற அளவுக்கு நாம் இன்னும் வெளியூர்க்காரர் ஆகவில்லை.

ஹான் சின் பெட் சூ வேறு வகை. ஹாக்கா சீனச் சுரங்க முதலாளிகள் கூடிப் பொழுது போக்கிய சங்கம், இப்போது காட்சியகம். முன்பதிவு செய்துவிட்டுப் போனால் உள்ளேயே விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறார். வெளியிலிருந்து தனியாக ஒரு கைடைக் கூட்டிப்போவது இங்கே இரட்டைச் செலவு.

இவ்வளவும் போக, டூர்க்காரர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஈய லம்பம் (சுரங்கம்), சீனத் தவுக்கே, வெள்ளைக்காரத் துரை என்று ஈப்போவின் கதையை மூன்றே பேரை வைத்து முடித்துவிடுகிறார்கள். வட்டித்தொழில் செய்த செட்டியார்களும், திடலருகே பள்ளிவாசல் எழுப்பிய தமிழ் முஸ்லிம்களும், ரயில் பாதையில் வேலை செய்த நம் ஆட்களும் அநேகமாக ஒரு வரியில் போய்விடுவார்கள். லிட்டில் இந்தியா வந்தால் "இங்கே துணி வாங்கலாம்" என்பதோடு சரி. இது எல்லா வழிகாட்டிக்கும் பொருந்தாது. கேட்டால் மணிக்கணக்கில் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடும் அரை நாள் டூரில் கேட்பதற்கு இடம் இருக்காது. தோட்டத்திலிருந்து போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம் என்பது டூர்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை, நாம்தான் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

வேன் டூர் தன் காசுக்கு நியாயம் செய்கிற இடம் கெல்லி கோட்டை. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேருந்தை நம்பிப் போகிற இடமில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பணம் பார்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை. அந்தக் காலத்திலேயே மின்தூக்கிக்கு இடம் விட்டுக் கட்டினார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. கட்டட வேலைக்கும் தோட்டத்துக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உள்ளே தகவல் பலகைகள் உண்டு, படித்துக்கொண்டே சுற்றினால் போதும். கைடுமார் சிலர் இங்கே பேய்க்கதைக்குப் போய்விடுகிறார்கள். சிறுவர்களுக்குப் பிடிக்கும், பாட்டிமார்களுக்குப் பிடிக்காது.

கோட்டையைவிட நான் முக்கியமாக நினைப்பது சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயில். கொள்ளைக்காய்ச்சலில் தோட்டத்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, தொழிலாளிகள் கேட்டுக்கொண்டதால் துரை கட்டிக்கொடுத்த கோயில் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கூரையில் சாமி உருவங்களுக்கு நடுவே தொப்பியும் கோட்டும் போட்ட ஒரு துரையும் நிற்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை அந்தக் கூரைக்குக் கீழே நிறுத்தினால், மலாயாத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அரை நாள் டூர்களில் கோட்டையோடு வண்டி திரும்பிவிடுவது வழக்கம். கோயிலில் நிறுத்துவீர்களா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த டூர் வேண்டாம்.

மூன்றாவது வழி நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: ஊரில் வேன் வைத்திருக்கும் அண்ணனிடம் நாள் வாடகைக்குப் பேசுவது. பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்குத் தலைக்கணக்கு டூரைவிட இது மலிவாகவே வரும். குகைக் கோயில், கெல்லி கோட்டை, மாரியம்மன் கோயில், திரும்பும் வழியில் சாப்பாடு என்று நம் இஷ்டத்துக்கு வளைக்கலாம். குழந்தை அழுதால் வண்டி நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது உரிமம். வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதி இல்லாத வண்டி கெரெத்தா சாப்புதான், அதாவது திருட்டு டாக்சி, ஓட்டுகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும். விபத்து என்று வந்தால் காப்புறுதி கைவிட்டுவிடலாம். உரிமம் உள்ள வண்டியாகப் பாருங்கள், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

வழிகாட்டிக்கும் உரிமம் உண்டு. 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி, காசு வாங்கி வழிகாட்டுகிறவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். நகர வழிகாட்டிகளுக்கு நீல நிற அட்டை. இப்படி உரிமம் பெற்றவர்கள் பொதுவாக அரை நாள், முழு நாள் என்றுதான் கட்டணம் பேசுவார்கள், தலையை எண்ணுவதில்லை. இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. இரண்டு பேருக்கு அந்தக் கட்டணம் கனமாக இருக்கும். எட்டுப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தமிழில் சொல்லக்கூடியவர் வேண்டுமென்றால் விடுமுறைக்கு நிறைய முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

ஆக என் தேர்வு இப்படி. பெரிய குடும்பமாக இருந்து நடக்கக்கூடியவர்கள் என்றால், காலை ரயிலில் போய் நடைவழிகாட்டி ஒருவரைப் பழைய நகரத்துக்கு மட்டும் பிடியுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலில் மழை வந்தாலும் கோப்பிக்கடையில் உட்கார்ந்துகொள்ளலாம். முட்டிவலிக்காரப் பெரியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் ஊர் வேன்தான், கைடை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று பேர், ஒரே ஒரு நாள், வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை என்ற நிலைமைக்குத்தான் விளம்பரத்தில் வந்த அரை நாள் வேன் டூர் சரியாகப் பொருந்துகிறது.

ஈப்போவே வேண்டாம் என்றால் எதிர்த்திசையில் கோலாகங்சார் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதையே முதலில் சொல்வேன். டத்தோ சாகோர் தூக்கிலேறிய அதே 1877இல்தான் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளை அங்கே நட்டார்கள். அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிமார்களைக் கப்பலேற்றிய மரத்தின் முன்னோடி. பார்க்கக் கட்டணமில்லை, விளக்க ஆளும் தேவையில்லை. ரப்பர் பால் வெட்டிய கை யாருடையதாவது வீட்டில் இருந்தால் அவரையே கூட்டிப்போங்கள், மரப்பட்டையில் கோடு போடுவது எப்படி, கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) எடுப்பது எப்படி என்று அவர் சொல்வதை எந்த நீல அட்டைக்காரரும் சொல்ல முடியாது. அங்கே உள்ள உபுடியா பள்ளிவாசலும் ஈப்போ நிலையத்தை வரைந்த அதே ஹப்பேக்கின் வேலை, முடிந்ததும் அதே 1917இல். பொன்குமிழ்களை வெளியிலிருந்து பார்க்க எந்த நாளும் போகலாம். உள்ளே போக நினைத்தால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டு, உடல் மறைக்கும் உடையோடு போங்கள்.