மீன் வண்டியில் எல்இடி லைட்: மூன்று கச்சான் காற்றுப் பருவம் தாண்டிய பிறகு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓடும் மீன் வண்டியில் கூடுதல் லைட் எரியவில்லை என்று கழற்றிப் பார்த்தால், எல்இடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செத்திருப்பது ஒயர் முனை. உறையைச் சீவினால் செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு விரற்கடை அளவுக்கு உள்ளே ஏறியிருக்கும். இந்தக் கரையில் லைட்டுக்குப் போடும் காசைவிட ஒயருக்கும் ஜாயின்ட்டுக்கும் போடும் காசுதான் நிற்கிறது.

மூன்று ஆண்டு ஓட்டத்தில் தாக்குப்பிடித்த அமைப்பு இது: முன் பம்பரில் தாழ்வாக 3000 கெல்வின் (கெல்வின் என்பது ஒளி நிறத்தின் அளவு) மஞ்சள் ஃபாக் லைட் இரண்டு, தலா 20 வாட், கேபினுக்குப் பின்னால், லோடு பாடியைப் பார்த்து 18 வாட் ஃப்ளட் லைட் ஒன்று. கூரை மேல் நீள லைட் பார் வேண்டவே வேண்டாம். தனுஷ்கோடி சாலையில் மணல் பறக்கும்போதும் ஐப்பசி மழையிலும், உயரத்திலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சம் துளியிலும் தூசியிலும் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்புகிறது. பாம்பன் பாலத்தில் எதிரே வருபவருக்கு ஒதுங்க இடமில்லை, கண் கூசினால் அவர் என்ன செய்வார்? ஹாலஜனுக்குச் செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாட்டினாலும் இதே கேடுதான், ஒளி சிதறும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துத் தொடராக இணைத்தால், 12 வோல்ட்டில் 1.7 ஆம்பியர் இழுப்பதுதான் 20 வாட் லைட். பின் லைட்டுக்கு 4000 கெல்வின் போதும். நீலம் கலந்த வெள்ளையில் செவுளின் சிவப்பு மங்கித் தெரியும். ஏலம் எடுத்த மீனை இரவில் ஏற்றும்போது அது நஷ்டம்.

இனி ஒயரிங். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் வாங்குங்கள். படகு எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். ஃபாக் லைட் இரண்டும் சேர்ந்து 3.4 ஆம்பியர், அதற்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது ஒயரை, லைட்டை அல்ல. ஆகவே அது பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்து ரிலே, அதாவது சின்ன சுவிட்ச் கரண்ட்டில் லைட்டின் பெரிய கரண்ட்டை இணைக்கும் பெட்டி; அதன் கால்களில் எண் போட்டிருக்கும். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30, 87-இலிருந்து லைட், 85 எர்த் (மைனஸ்), 86-க்கு சுவிட்ச். சுவிட்சுக்குப் பார்க்கிங் லைட் லைனிலிருந்து கரண்ட் கொடுத்தால், அதை அணைக்கும்போது ஃபாக்கும் அணையும். ரிலேயின் கால்கள் தரையைப் பார்க்க மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. பின் லைட்டுக்குத் தனி ஃபியூஸ், தனி சுவிட்ச்; நேரடி பேட்டரி லைன் என்பதால் பத்து மணி நேரம் அணைக்க மறந்தால் 15 ஆம்பியர்-மணி போய்விடும்.

எர்த்தை லோடு பாடியில் கொடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடி போல்ட்டை அரித்து, ஆறே மாதத்தில் லைட் மினுக்கும். எர்த் போன டெயில் லேம்ப்பில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். மைனஸ் ஒயரைப் பேட்டரி வரை இழுங்கள். கூடவே ஐந்து மீட்டர் ஒயர் ஆகும், அவ்வளவுதான்.

ஜாயின்ட்டைக் கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கும் குழாய், போடுங்கள். ஈயப்பற்று வைத்தால் அது முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அறுந்துவிடும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒயரைக் குத்தி இணைக்கும் கிளிப் இந்தக் கரைக்கு ஆகவே ஆகாது. லைட்டுக்குள் நுழையுமுன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

ஐபி67 என்ற நீர்காப்புத் தரம் இருந்தால் தண்ணீர் புகாது என்று நினைத்து, எரிந்து சூடான லைட்டில் குளிர்ந்த தண்ணீர் அடிக்கக் கூடாது. உள்ளே காற்று சுருங்கி, கேஸ்கெட் வழியே ஈரத்தை இழுக்கும். காற்று போய்வரும் வால்வு உள்ள லைட் இதைத் தாங்கும். வாட்டர் சர்வீஸின் பீச்சலைத் தாங்கும் தரம் ஐபி69கே. அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகப் பட்டால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷரும் கிரீஸும் வையுங்கள்.

லைட்டின் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், அரை வாளி போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வண்டிக்கு ஓட்டம் குறையும் அந்த 61 நாளுக்குள் எல்லா முனையையும் திறந்து பாருங்கள். லைட்டை எரியவிட்டு, பேட்டரியிலும் லைட்டின் முனையிலும் வோல்ட் எடுங்கள். இரண்டுக்கும் 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு ஜாயின்ட் கெட ஆரம்பித்துவிட்டது. பேட்டரியிலிருந்து ஒவ்வொரு முனையாக அளந்துகொண்டே போனால், வோல்ட் சட்டென்று இறங்கும் இடம் அதுதான்.