கட்டட மின் வரைபடம் கற்க: ஆட்டோகேடா, ரெவிட்டா, நேரே சைட்டா?

டிப்ளமோ இஇஇ முடித்தவர்களும் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவர்களும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "பில்டிங் எலக்ட்ரிக்கல் டிராயிங் கத்துக்கணும், எதுல ஆரம்பிக்கிறது?" பயிற்சி நிலையத்தில் கேட்டால் கட்டடத்தை 3டி மாடலாக அமைக்கும் ரெவிட் என்பார்கள், அதற்குத்தான் கட்டணம் அதிகம். இருபது வருடமாக வரைகிற டிராஃப்ட்ஸ்மேனைக் கேட்டால் கோடு கோடாக வரையும் ஆட்டோகேட் மென்பொருளே போதும் என்பார், அவர் சோறு அதில்தான். சைட் சூப்பர்வைசரோ "முதல்ல ஒரு சிலாப் கான்கிரீட்டுக்கு வந்து நில்லு, அப்புறம் பேசலாம்" என்பார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஆட்டோகேட், அதைக் கற்கும்போதே சைட், கடைசியில் ரெவிட். இந்த வரிசையை மாற்ற வேண்டிய ஆட்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 'ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல்' என்று ஒரு பெயரைப் பார்த்ததும், எலக்ட்ரிக்கல்காரனுக்கு இதுதான் போலிருக்கிறது என்று பணம் கட்டிவிடுகிறார்கள். அது தொழிற்சாலைக் கண்ட்ரோல் பேனலுக்கானது. ரிலே, கான்டாக்டர், பிஎல்சி, டெர்மினல் எண்கள், லேடர் டயகிராம் என்று போகும். வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ லைட் லேஅவுட் போடுகிறவருக்கு அதில் பாதிகூடப் பயன்படாது. சாதாரண ஆட்டோகேட் போதும். ஆட்டோகேடிலேயே 'எம்இபி' (ஏசி, மின்சாரம், குழாய் வேலைகள்) கருவித் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் கட்டடத்துக்கானது. ஆனால் ரெவிட் வந்த பிறகு அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

சரி, கற்க வேண்டியது என்ன? லைட், ஃபேன் குறிகளைப் பிளானில் தூவுவது மட்டுமல்ல. லைட்டிங் லேஅவுட், பவர் லேஅவுட், சிலாபுக்குள் (கான்கிரீட் கூரைக்குள்) போகும் கண்டூயிட் (வயர் பைப்) லேஅவுட், டிபி ஷெட்யூல் (மின் விநியோகப் பெட்டியின் எந்த சர்க்யூட்டில் எவ்வளவு சுமை என்ற பட்டியல்), எஸ்எல்டி என்கிற ஒற்றைக் கோட்டு வரைபடம், மாடிக்கு மாடி ஏறும் ரைசர், எர்த்திங், இடிதாங்கி, டேட்டா மற்றும் சிசிடிவி பாயிண்ட்கள். பெரிய வேலையென்றால் ஷாப் டிராயிங் (சைட்டில் பொருத்துவதற்கான விரிவான படம்), வேலை முடிந்ததும் ஆஸ்-பில்ட் (உண்மையில் போட்டபடியான படம்). இந்தத் தாள்களில் எதை எந்த வழி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது என்று பார்த்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

ஒரே ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். கதவோரம் ஒரு சுவிட்ச் போர்டு, கட்டிலோரம் ஒன்று. ஒரு ட்யூப் லைட்டை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைக்க வேண்டும், அதாவது டூ-வே. நடுவில் ஃபேன், ஜன்னல் பக்கம் ஏசி பாயிண்ட்.

ஆட்டோகேடில் இதற்கு ஒரு லைட் பிளாக், இரண்டு சுவிட்ச் பிளாக், இரண்டு வளைகோடு. பத்து நிமிட வேலை. அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த வளைகோடு வெறும் கோடு. அது வயரா, பைப்பா, உள்ளே எத்தனை வயர் என்று மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டு போர்டையும் தனித்தனியாக லைட்டுக்கு இழுத்துவிட்டு ஒரு மாணவர் நிம்மதியாக அடுத்த அறைக்குப் போய்விடலாம், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அதே தாளை சிலாபின் மேல் நிற்கிற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். "தம்பி, போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல பைப் எங்க?" என்பார். டூ-வே சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு வயர் ஓட வேண்டும். படத்தில் இருப்பதுபோல் போட்டால் அவை கூரையில் இருக்கும் பெட்டிக்குள் ஏறி, திரும்ப இறங்க வேண்டும். வயரும் வீண், பெட்டியும் நெரிசல். போர்டிலிருந்து போர்டுக்கு நேராக ஒரு பைப் போட்டால் வேலை முடிந்தது. பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் அடைக்காதே என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கும் அந்த இடத்தில்தான் புரியும். கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் வருவதற்குள் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பைப்பும் ஃபேன் பாக்ஸும் உட்கார்ந்தாக வேண்டும். தவறவிட்டால் பிறகு சுவரிலும் கூரையிலும் காடி வெட்ட வேண்டியதுதான்.

ரெவிட்டில் இதே அறை வேறு மாதிரி நடக்கும். லைட்டை வைத்ததும் அது ஒரு பொருள். அதற்கு வாட் உண்டு, வோல்ட் உண்டு, உயரம் உண்டு. அதை ஒரு சர்க்யூட்டில் சேர்த்து எந்த டிபி என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் முதல் நாளே மாட்டுகிற இடம் இது: டிபியைத் தேர்ந்தெடுக்கப் போனால் பட்டியல் காலியாக இருக்கும். காரணம், டிபிக்கு 'டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம்' (எத்தனை வோல்ட், எத்தனை ஃபேஸ் என்ற அமைப்பு) கொடுத்திருக்க மாட்டார்கள். அல்லது லைட் ஃபேமிலி (ரெவிட்டில் லைட்டுக்கென ஆயத்தமாக இருக்கும் பொருள்) அமெரிக்க 120 வோல்ட்டில் இருக்கும், டிபி நம்மூர் 230-இல் இருக்கும். கூடவே வருகிற அமெரிக்க டெம்ப்ளேட்டைத் திறந்தால் 120/208, 480/277 என்றுதான் இருக்கும். 400/230 அல்லது 415/240 என்று நாமே அமைக்க வேண்டும். இந்த அலைக்கழிப்பு எரிச்சலாக இருந்தாலும், வோல்டேஜ், ஃபேஸ், போல் என்றால் என்ன என்பதை யோசிக்காமல் தாண்ட முடியாத கட்டாயத்தை ரெவிட் உண்டாக்குகிறது. ஆட்டோகேட் அப்படிக் கேட்பதே இல்லை.

ஆனால் நம் டூ-வே சுவிட்ச்? ரெவிட்டின் ஸ்விட்ச் சிஸ்டத்தில் ஒரு குழுவுக்கு ஒரு சுவிட்ச்தான் சேரும். அதனால் பெரும்பாலானோர் 'ஏ', 'பி' என்று சுவிட்ச் ஐடி போட்டுச் சமாளிக்கிறார்கள். இன்னொன்று, ரெவிட் வரைகிற வயர் பிளானில் மட்டும் தெரியும், 3டியில் வராது. பைப் 3டியில் வர வேண்டுமென்றால் கண்டூயிட்டைத் தனியாக மாடல் செய்ய வேண்டும், வீட்டு வேலைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஆக, எலக்ட்ரீஷியனின் அந்தக் கேள்வியை ரெவிட்டும் கேட்காது. இந்த ஒரு விஷயத்தில் சைட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

டிபி ஷெட்யூலுக்கு வந்தால் தராசு மாறுகிறது. ஆட்டோகேட் வழியில் லேஅவுட் ஒரு பக்கம், எக்செல் ஒரு பக்கம். ஆர்க்கிடெக்ட் கடைசி நேரத்தில் ஒரு கீஸரை இடம் மாற்றினால் பிளானில் மாறும், எக்செலில் மாறாது, எஸ்எல்டியில் கண்டிப்பாக மாறாது. மூன்று தாளில் மூன்று கணக்கு இருக்கும் டிராயிங் செட்டைப் பார்க்காத ஒப்பந்ததாரரே இல்லை. ரெவிட்டில் பேனல் ஷெட்யூல், அதாவது இதே டிபி ஷெட்யூல், மாடலிலிருந்தே வருகிறது, மாற்றினால் தானாக மாறும். இதற்காகவே பெரிய அலுவலகங்கள் அந்தப் பக்கம் போனார்கள். ஃபேமிலியில் லோடு பூஜ்யம் என்று விட்டிருந்தால் ஷெட்யூலும் பூஜ்யம் என்றே காட்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கணக்குக்கு ஒரு ஃபிளாட். 2 கீஸர், தலா 2000 வாட். 2 ஏசி, தலா 1800. சமையலறையில் இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட், தலா 1500. இரண்டு லைட் சர்க்யூட், தலா 600. மொத்தம் 11.8 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று 0.6 பங்கு எடுத்தால் சுமார் 7 கிலோவாட். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் பிரிக்க வேண்டும். ஆர் ஃபேஸில் இரண்டு கீஸர், ஒய்யில் இரண்டு ஏசி, பியில் மற்றதெல்லாம் என்று போட்டால் 4.0, 3.6, 4.2 கிலோவாட். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் இரண்டு கீஸரும் ஆர் ஃபேஸை இழுக்கும், ராத்திரி இரண்டு ஏசியும் ஒய்யை இழுக்கும். ஆருக்கு ஒரு கீஸர் ஒரு ஏசி, ஒய்க்கு ஒரு கீஸர் ஒரு ஏசி என்று மாற்றினால் 3.8, 3.8, 4.2. காலையிலும் ராத்திரியிலும் சுமை பகிர்ந்து நிற்கும். ரெவிட்டின் பேனல் ஷெட்யூலில் லோடைச் சமன் செய்ய ஒரு பொத்தானே இருக்கிறது. அது எண்களைச் சமன் செய்யும், வீட்டில் யார் எப்போது குளிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இதை எக்செலில் கையால் போட்டுப் பார்த்தவர் ஒருமுறையில் பிடித்துக்கொள்வார். பொத்தானை மட்டும் அழுத்தப் பழகியவர் நேர்காணலில் திணறுவார். ஆட்டோகேட் முதலில் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

2000 வாட் கீஸருக்கு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 2.5 சதுர மி.மீ. வயர். ஒரு லைட் சர்க்யூட்டில் 10 பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ போகாதே என்பது நம் நாட்டு வயரிங் விதிகளில் நெடுநாளாக இருக்கும் வரம்பு. ஆள் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்). இதையெல்லாம் எந்த மென்பொருளும் சொல்லிக்கொடுக்காது. வயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, மொத்தக் கட்டடத்துக்கு 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பயிற்சி நிலையப் பாடத்திட்டத்தில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லையென்றால், அங்கே கிடைப்பது கமாண்ட் பயிற்சி மட்டும்தான்.

எஸ்எல்டியில் இன்னும் ஆட்டோகேட்தான் ராஜா. மாடலில் எல்லாம் இருந்தாலும் நமக்குப் பழக்கமான ஒற்றைக் கோட்டுப் படத்தை ரெவிட் தானாக வரைந்து தருவதில்லை. ரெவிட் அலுவலகங்களிலேயே எஸ்எல்டியை ஆட்டோகேடில் வரைந்து இணைப்பதுதான் பரவலான வழக்கம். டிரான்ஸ்ஃபார்மர், மெயின் பேனல், கெபாசிட்டர், டிஜி (டீசல் ஜெனரேட்டர்), சேஞ்ச்ஓவர் என்று மேலிருந்து கீழே கையால் ஒருமுறை வரைந்து பார்த்தால்தான் மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பது மண்டையில் ஏறும்.

ரெவிட் அசைக்க முடியாதபடி ஜெயிக்கிற இடம் ஒருங்கிணைப்பு. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி டக்ட், ஸ்பிரிங்ளர் பைப், வடிகால், கேபிள் டிரே எல்லாம் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். பிளானில் பார்த்தால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாதுவாகக் கிடக்கும், எது மேலே எது கீழே என்று தெரியாது. மாடலில் பீமை இடிக்கிற டிரே உடனே பிடிபடும். ஷாப் டிராயிங் போடுகிற பெரிய ஒப்பந்த நிறுவனத்தில் சேரப் போகிறவர் இதைக் கற்காமல் தப்ப முடியாது.

நான் முன்பு சொன்ன விதிவிலக்கு ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக நினைப்பவர்களும், அங்குள்ள வேலையைச் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து செய்துகொடுக்கும் அலுவலகங்களைக் குறிவைப்பவர்களும். துபாய் மாநகராட்சி பெரிய கட்டடங்களுக்கு பிஐஎம் (ரெவிட்டில் போடுவது போன்ற, தகவலோடு கூடிய 3டி) மாடலைக் கட்டாயமாக்கி 10 ஆண்டுக்கு மேலாகிறது. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு பிஐஎம் சமர்ப்பிப்பு கட்டாயமானது. அவர்கள் ரெவிட்டுக்கு நேராகவே போகலாம். ஆனால் மேலே சொன்ன ஃபிளாட் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டுப் போகட்டும். ஊரிலேயே ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும் சிறு பில்டர்களுக்கும் வரைந்துகொடுத்துப் பிழைக்க நினைப்பவருக்கு ரெவிட் இப்போதைக்குச் சுமை. அங்கே எல்லோரும் கேட்பது டிடபிள்யூஜி என்கிற ஆட்டோகேட் கோப்பும் ஒரு பிடிஎஃபும்தான்.

சைட் வழியின் குறையையும் சொல்லியாக வேண்டும். சைட்டில் இரண்டு வருடம் இருந்தவருக்கு எல்லாம் தெரியும், வரையத் தெரியாது. அங்கே சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமும் இல்லை. தப்பான பழக்கமும் சேர்த்தே ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலைப் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து எடுத்துக்கொள்வது போன்ற வேலைகளை அங்கேதான் 'அனுபவம்' என்ற பெயரில் கற்பார்கள், ஆர்சிசிபி போட்ட பிறகு அது சும்மா சும்மா டிரிப் ஆகும். அதனால் சைட்டை முழுநேரப் பள்ளியாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டு, ஒரு வீட்டின் சிலாப் பைப்பிங், சுவர்க் காடி, வயர் இழுப்பது, டிபி கட்டுவது ஆகிய நான்கு நிலைகளுக்கும் போய் நின்றால் போதும். கையில் நீங்கள் வரைந்த தாள் இருக்க வேண்டும். அவர் எதைப் பார்க்காமலே ஒதுக்குகிறார், எங்கே நின்று கேள்வி கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போர்டு உயரம் எழுதாததும், சுவரிலிருந்து ஃபேன் பாக்ஸுக்கு அளவு போடாததும்தான் அநேகமாக முதல் கேள்விகளாக இருக்கும்.

செலவு விஷயம் சுருக்கமாக. மாணவர்களுக்கு ஆட்டோகேடும் ரெவிட்டும் ஓராண்டு இலவசம், தகுதி இருக்கும் வரை புதுப்பிக்கலாம், அதை வைத்துக் காசுக்கு வேலை செய்யக் கூடாது. ரெவிட் எல்டி (வசதி குறைந்த பதிப்பு) மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், அதில் எம்இபி கருவிகள் இல்லை. ஆட்டோகேட் எல்டி லேஅவுட் வேலைக்குப் போதும். ரெவிட் விண்டோஸில் மட்டும் ஓடும், 16 ஜிபி ராம் இல்லாமல் பெரிய மாடலைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது, ஆட்டோகேடில் பழைய வடிவத்துக்கு இறக்கிச் சேமிக்கலாம். காசே இல்லையென்றால் லிப்ரேகேட் இருக்கிறது. டிடபிள்யூஜியாகச் சேமிக்காது, டிஎக்ஸ்எஃப் மட்டும்தான். ஆனால் லேயர், பிளாக், அளவு போடுவது, அந்தப் படுக்கையறையின் போர்டுக்குப் போர்டு பைப் எல்லாவற்றையும் அதிலேயே பழகிக்கொள்ளலாம். அடுத்து ஆட்டோகேடுக்கு மாறும்போது கமாண்ட் பெயர்கள்தான் புதிதாக இருக்கும்.