முறுக்கு டப்பாவுக்கு ஏற்ற தம்பி

தமிழ் ஃபான்ட் எதைச் சோதித்தாலும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் 'முறுக்கு'. மு, று, கு மூன்றும் உகரம்தான், ஆனால் மூன்றும் மூன்று விதமாகச் சுழிக்கும். புத்தக எழுத்து ஒன்றை எடுத்து, அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்கினால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். பதினைந்து வருட டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலையில் அப்படி அடைத்த சுழிகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டே எத்தனையோ ராத்திரி போயிருக்கிறது.

கை முறுக்கு போடும் அக்கா ஒருவர் டப்பாவுக்கு லேபிள் கேட்டு வந்தபோதுதான் 'பாலு தம்பி'யை முதன்முதலாகப் பெரிய அளவில் போட்டேன். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய எழுத்து. பாலு என்றால் இந்தியில் கரடி. பெயருக்கேற்ற கொழுகொழு உடம்பு, உருண்ட முனைகள். பழைய கடை போர்டுகளில் பெயிண்டர் பிரஷ்ஷை நன்றாக முக்கி இழுத்த எழுத்துகளை நினைவுபடுத்துகிறது. இவ்வளவு தடித்தும் 'று'வின் வளைவுக்குள் வெள்ளை தெரிகிறது. 'க்' மேலிருக்கும் புள்ளி பொட்டுக்கடலை மாதிரி கனமாக உட்கார்ந்திருக்கிறது. பிரிண்ட்டைப் பார்த்த அக்கா, "எழுத்தே மொறுமொறுன்னு இருக்கு தம்பி" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

முதலில் ஒரே தடிமனில்தான் வந்தது. இப்போதுள்ள 'பாலு தம்பி 2' ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்ட் வரை 5 தடிமன்களில் கிடைக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் விற்பனைக்குப் போகும் டப்பாவிலும் தாராளமாகப் போடலாம். ஆங்கில எழுத்தும் உள்ளேயே இருக்கிறது. மற்ற மொழிகளுக்கும் இதே சாயலில் உண்டு: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி. அக்காவின் முறுக்கு பாலக்காட்டுக்கும் போவதால் சேட்டனும் லேபிளில் ஏறினார். இரண்டு மொழியும் ஒரே கை எழுதியது போல இருந்தன.

சரி, குறைகள். சின்ன அளவுக்கு இது ஆகவே ஆகாது. சேர்மானப் பட்டியலையும் எக்ஸ்ட்ரா போல்டிலேயே போட்டுப் பார்த்தேன். 'எண்ணெய்' என்ற சொல்லில் ண்ணெ மூன்று கறுப்பு உருண்டைகளாகிவிட்டது. அதே குழுவின் 'முக்தா மலர்' எழுத்துக்கு மாற்றியதும் தெளிந்தது. அப்புறம் வரி இடைவெளி. தானாக விட்டால் இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வரியே நுழையலாம் போலிருக்கும். லீடிங்கை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். இது யூனிகோட் எழுத்து; அதை ஏற்காத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை இன்னும் விடாதவர்களுக்கு உதவாது. போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி 'கொ' உடைந்து வந்தால் ஃபான்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், பத்தி அமைப்பில் இந்திய மொழிகளுக்கான கம்போஸரை (எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வசதியை) தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஜூஸ் கடை, பாலர் பள்ளி, பிறந்தநாள் பேனர், பலகார டப்பா எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நான்கைந்து சொற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒருவர் இதையே கேட்டார், வேண்டாம் என்று சொல்லி வேறு எழுத்தில் செய்து கொடுத்தேன்.