ஒன் பாக்கெட், பேங்க், ஸ்ட்ரெய்ட் பூல், பிரேக்: ஒன்றையே பிடித்துக்கொண்டவர்களின் பலமும் பலவீனமும்

பூல் என்பது கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளை மேசையின் ஆறு பாக்கெட்டுகளில் போடும் ஆட்டம். அமெரிக்காவின் பழைய பூல் கூடங்களில் ஒரு வகை ஆட்டக்காரர் எப்போதும் உண்டு. தன் ஆட்டத்தில் அவரிடம் யாரும் பணம் வைத்து உட்காரமாட்டார்கள். அதே ஆளை அடுத்த மேசையில் வேறு ஆட்டத்துக்கு இழுத்தால் நடுத்தரமானவரும் வென்றுவிடுவார். மேசை என்னவோ அதே 9 அடி மேசைதான், ஆடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ஆட்டம் மாறும்போது கைக்குத் தேவைப்படுவது மாறிவிடுகிறது.

1960-களில் இல்லினாய் மாநிலத்து ஜான்ஸ்டன் சிட்டியில் நடந்த போட்டிகளில் ஒன் பாக்கெட், ஸ்ட்ரெய்ட் பூல், நைன் பால் (பந்துகளை எண் வரிசையில் அடித்து, 9-ஐப் போட்டவர் வெல்லும் ஆட்டம்) மூன்றுக்கும் தனித்தனியாக வெற்றியாளரைக் கண்டுபிடித்து, பிறகு அவர்களையே மோதவிட்டு ஒட்டுமொத்த வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1999-இல் கென்டக்கியின் லூயிவில்லில் தொடங்கிய டெர்பி சிட்டி கிளாசிக்கில் பேங்க், ஒன் பாக்கெட், நைன் பால் மூன்றும் உண்டு. மூன்றிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ‘மாஸ்டர் ஆஃப் த டேபிள்’ பட்டம். ஒன்றில் மட்டும் தேர்ந்தவருக்கு அங்கே ஒரு கோப்பை நிச்சயமாக வாய்க்கலாம், அந்தப் பட்டம் கைக்கு எட்டாது.

எதில் தனித்தேர்ச்சி பெறலாம் என்று யோசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேசையும் விதியும் மாறினால் இதில் எவ்வளவு மிஞ்சும்?

ஒன் பாக்கெட்

15 பந்து அடுக்கும் பக்கத்து இரண்டு மூலைப் பாக்கெட்டுகளில் ஆளுக்கு ஒன்று. முதலில் 8 பந்தைத் தன் பாக்கெட்டில் போட்டவருக்கு ஆட்டம். எதிராளியின் பாக்கெட்டில் விழுந்தால் அது அவர் கணக்கு. மற்ற நான்கில் விழுந்தால் பந்து மீண்டும் ஸ்பாட்டுக்கு (பந்து அடுக்கும் பக்கத்துப் புள்ளிக்கு) வரும். ஃபவுல் (விதிமீறல்) செய்தால் போட்ட பந்தில் ஒன்றை எடுத்து ஸ்பாட்டில் வைக்க வேண்டும். பந்தே இல்லையென்றால் கடன்.

இங்கே பந்தைப் போடுவதைவிடப் போடாமல் விடுவதில்தான் தேர்ச்சி தெரியும். ஆட்டத்தைத் தொடங்கும் அடியான பிரேக்கையே பாருங்கள். நைன் பாலில் முழு வேகத்தில் குவியலைச் சிதறடிப்பார்கள். ஒன் பாக்கெட்டில் வெள்ளைப் பந்தை எதிராளியின் பக்கமாக வைத்து, முன்பந்தை மெல்லியதாகத் தொட்டு, அடுத்த பந்தைக் கொஞ்சம் நிறைவாக அடிப்பார்கள். குவியல் தன் பாக்கெட்டை நோக்கிச் சரியும். வெள்ளைப் பந்து எதிராளி பக்கத்து நீளக் குஷனை (மேசையின் ரப்பர் விளிம்பை) ஒட்டி நிற்கும். முன்பந்தில் ஒரு மயிரிழை கூடுதலாகப் பட்டாலும் வெள்ளைப் பந்து நடுமேசையில் நின்றுவிடும். அதை வைத்து நல்ல ஆட்டக்காரர் ஐந்தாறு பந்து ஓட்டிவிடுவார், அதாவது தவறாமல் தொடர்ந்து போட்டுவிடுவார்.

நைன் பாலிலிருந்து வருபவர் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். போட்டால் அடுத்த பந்துக்கு வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்று மட்டும் யோசிக்கிறார். தவறினால் எங்கே நிற்கும் என்று யோசிப்பதில்லை. ஒன் பாக்கெட்காரர் முதலில் போடுவது இரண்டாவது கணக்கை. தன் பாக்கெட்டுக்கு பேங்க் (பந்தைக் குஷனில் மோதவிட்டுத் திருப்பும் அடி) அடிக்கும்போதே, தவறினால் வெள்ளைப் பந்து குவியலின் பின்னாலோ மேல் குஷனை ஒட்டியோ போய் நிற்கும்படி வேகத்தைத் தேர்ந்திருப்பார்.

வேண்டுமென்றே செய்யும் ஃபவுலும் இந்த ஆட்டத்தின் நுட்பங்களில் ஒன்று. எதிராளியின் பாக்கெட் வாயில் நான்கு பந்து தொங்குகிறது, உங்களுக்கு வழியில்லை என்றால் வெள்ளைப் பந்தைச் சற்றே நகர்த்தி அவரையும் இக்கட்டில் விட்டு ஒரு பந்தை இழப்பது லாபம். தொடர்ந்து மூன்று ஃபவுல் என்றால் ஆட்டமே போய்விடும் என்பதால் இதை எண்ணித்தான் செய்ய வேண்டும்.

இந்தத் தேர்ச்சி எங்கே உதவும்? சேஃப்டி (எதிராளிக்கு வழி விடாத அடி), மெல்லிய வேகம், பேங்க் மூன்றும் எந்த ஆட்டத்துக்கும் போகும். எஃப்ரன் ரேயஸைப் பாருங்கள். பிலிப்பைன்ஸிலிருந்து 1985-இல் அமெரிக்கா வந்தவர், 1994-இல் யு.எஸ். ஓபன் நைன் பாலை வென்ற முதல் வெளிநாட்டவர். 1999-இல் கார்டிஃபில் உலக நைன் பால் பட்டம். ஆனால் அவர் டெர்பி சிட்டி ஒன் பாக்கெட்டைப் பலமுறை வென்றதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் பிரமிப்போடு பேசுகிறார்கள். ஒன் பாக்கெட்டை மட்டுமே ஆடியவருக்கு இதே வரம் கிடைப்பதில்லை. எட்டடி தூரத்து நேர்ப்பந்தை ஓங்கிப் போடும் கை அவரிடம் மந்தமாகிவிடும், பிரேக்கில் பலம் இருக்காது.

சமமில்லாதவர்களையும் ஒரே மேசையில் அமர்த்த முடிவது இதன் இன்னொரு வசதி. வல்லவர் 10 போட வேண்டும், மற்றவர் 6 போட்டால் போதும் என்று இலக்கை மாற்றிக்கொள்ளலாம். நைன் பாலில் இவ்வளவு நுணுக்கமாக ஈடுகட்ட வழியில்லை.

பேங்க்

ஒவ்வொரு பந்தும் குறைந்தது ஒரு குஷனில் மோதித் திரும்பி, சொன்ன பாக்கெட்டில் விழ வேண்டும். வழியில் வேறு பந்தை உரசக்கூடாது. வெள்ளைப் பந்தை முதலில் குஷனில் அடித்து வருவதும் கூடாது. டெர்பி சிட்டியில் 9 பந்து அடுக்கி, 5 போட்டவருக்கு ஒரு ஆட்டம், மூன்று ஆட்டம் எடுத்தவருக்கு வெற்றி. கென்டக்கி வட்டாரம்தான் இதன் தாய்வீடு. முன்தலைமுறையில் ‘நாக்ஸ்வில் கரடி’ எடி டெய்லர், பின்னாளில் ஜான் புரும்பாக் ஆகியோர் இதில் பேர் எடுத்தவர்கள்.

கேரம் ஆடியவர்களுக்கு விளிம்பில் மோதித் திரும்பும் காய் புதிதில்லை. ஆனால் கேரம் விளிம்பு மரம், பூல் குஷன் ரப்பர். மெதுவாக அடித்தால் பந்து உருண்டபடியே குஷனைத் தொட்டு, அந்த உருளலால் திரும்பும் கோணம் விரியும். ஓங்கி அடித்தால் பந்து உருளாமல் வழுக்கி ரப்பருக்குள் அமுங்கும், கோணம் சுருங்கும். ஒரே இடத்தில் ஒரே அளவு தொட்டாலும் வேகம் மாறினால் பந்து பாக்கெட்டுக்கு இரண்டு அங்குலம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும்.

ஆகவே பேங்க் பழகுபவர் முதலில் நிலைப்படுத்த வேண்டியது வேகத்தை. பக்கப் பாக்கெட்டுக்குக் குறுக்கே அடிக்கும் ஒரு பேங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து இருக்கும் இடத்தைச் சாக்பீஸ் புள்ளியால் குறித்து மெதுவாக 10, நடுவேகத்தில் 10, ஓங்கி 10 அடித்து, ஒவ்வொன்றும் எங்கே மோதுகிறது என்று எழுதுங்கள். நடுவேகத்துக்குச் சற்று மேலே கை தானாக நிற்கும் ஒரு வேகம் தெரியவரும். அதுவே உங்கள் பேங்க் வேகம். பிறகுதான் சைடு ஸ்பின் (பக்கச் சுழற்சி). வெள்ளைப் பந்தின் சுழற்சியில் ஒரு சிறு பங்கு அடிபடும் பந்துக்கும் போகும், கோணம் அதற்கேற்ப மாறும்.

மேசையைச் சார்ந்திருப்பதுதான் இதன் பலவீனம். புதுத் துணியில் பந்து வழுக்கி அகலப் போகும். ஈரக்காற்றில், பழைய துணியில் கோணம் சுருங்கும். மழைநாளில் அரை மணி நேரம் மேசையைப் படிக்காமல் ஆடத் தொடங்கும் பேங்க்காரர் முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டுத்தான் திருத்திக்கொள்வார். இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்: நேராக வெட்டிப் போட வழி இருக்கும்போதும் கை பேங்க்குக்கே போகும்.

ஸ்ட்ரெய்ட் பூல்

எந்தப் பந்தையும் எந்தப் பாக்கெட்டிலும் போடலாம், சொல்லிவிட்டுப் போட வேண்டும். 14 பந்து போனதும் அவற்றை மீண்டும் அடுக்குவார்கள், உச்சி இடம் மட்டும் காலி. மிஞ்சிய 15-ஆவது பந்தைப் போடும் அதே அடியில் வெள்ளைப் பந்து குவியலை உடைக்க வேண்டும். அந்தக் கடைசிப் பந்தும் அதற்கு முந்தைய பந்தும்தான் ஆட்டத்தின் உயிர். ரேக்கின் (பந்துகளை அடுக்கும் முக்கோணத்தின்) எல்லையைப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டு, குவியலுக்குப் பக்கத்தில் வசதியாக நிற்கும் ஒரு பந்தை ஐந்தாறு ஷாட்டுக்கு முன்பே ‘இது உடைக்கும் பந்து’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்க மறந்தவர் 14-இல் நின்றுபோவார்.

100 ஓட்ட ஏழு ரேக்குக்கு மேல் தேவை. வில்லி மோஸ்கோனி 1954-இல் ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் 8 அடி மேசையில் 526 ஓட்டினார். அதை 2019-இல் ஜான் ஷ்மிட் 626-ஆக்கினார். 2022-இல் ஜேசன் ஷா 714 தொட்டார். ரேக்குக்கு 14 வீதம் சரியாக 51 ரேக்.

வெள்ளைப் பந்து இதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு அடிக்கு மேல் நகர்வதில்லை. எதைத் தொட்டால் குவியலில் எந்தப் பந்து வெளிவரும் என்ற பார்வையை இதைப்போல வேறெந்த ஆட்டமும் தருவதில்லை. நைன் பாலில் மூன்று குஷன் சுற்றி வெள்ளைப் பந்தைக் கொண்டுவர வேண்டியபோது, ஒளிந்திருக்கும் பந்தைக் குஷன் வழியாகத் தேடி அடிக்க வேண்டியபோது இந்தக் கை தடுமாறும்.

பிரேக்

நைன் பாலில் பிரேக்கையே ஆயுதமாக்கியவர்களின் தேர்ச்சிதான் மிக விரைவில் பறிபோவது. 2001 யு.எஸ். ஓபன் இறுதியில் கோரி டூயல், மிக்கா இம்மோனனை 11-0 என்று வென்றார். அவர் அடித்தது மெல்லிய பிரேக். இறுக்கமான ரேக்கில் ஓரப்பந்து மூலைக்குப் போகும் பாதையைக் கண்டுபிடித்து, மற்றவை ஓடிச் சிதறாதபடி வேகத்தைக் குறைத்தார். இத்தகைய பிரேக்கைத் தடுக்கப் பிறகு விதிகள் வந்தன: 9-ஐ ஸ்பாட்டில் வைத்து அடுக்குவது, பிரேக் அடிக்கும் இடத்தைப் பெட்டிக்குள் சுருக்குவது, குறைந்தது மூன்று பந்தாவது விழவோ மேல்கோட்டை (பிரேக் அடிக்கும் பக்கத்துக் கோட்டை) தொடவோ வேண்டும் என்பது. 9 ஸ்பாட்டுக்கு ஏறியதும் ஓரப்பந்தின் பாதை கலைந்துவிட்டது. ஒரு ரேக்கில் ஓர் அடிக்காகப் பல மாதம் உழைத்தவருக்கு இது பெரிய இழப்பு.

வித்தை ஷாட்டுகளில் தேர்ந்த மைக் மாஸி போன்றவர்களுக்குத் தனிப் போட்டிகளே உண்டு. ஜம்ப் (வெள்ளைப் பந்தைத் தாண்டவிடும் அடி), மாஸே (அதை வளைந்து ஓடவிடும் அடி) என்று பிரிவு பிரித்து மதிப்பெண் இடுவார்கள். மற்ற ஆட்டக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது கியூவை வெள்ளைப் பந்துக்குள் நீளமாகச் செலுத்தும் பழக்கத்தை.

ஒரு வருடம் ஒன்றுக்கே ஒதுக்க முடிந்தால் ஒன் பாக்கெட். கூட ஆடத் தகுந்த ஆள் இல்லை, தனியாகத்தான் பழக வேண்டும் என்றால் ஸ்ட்ரெய்ட் பூல். தினம் ஒரு மணி நேரம், எத்தனை ஓட்டினோம் என்று குறித்து வைத்தால் போதும். பேங்க்கை இரண்டில் எதனோடும் வாரத்துக்கு இரண்டு நாள் சேர்க்கலாம், ஆனால் ஒரே மேசையில் பழக வேண்டாம். பிரேக்குக்கு ஆட்டம் தொடங்கும் முன் 15 ரேக் போதும். அதிலும் முதல் ஐந்தை வேகம் பாராமல், வெள்ளைப் பந்து நடுமேசையில் நிற்கிறதா என்பதற்காக மட்டும் அடியுங்கள்.