நாய்க்கும் ஆமைக்கும் என்று பணம் கேட்டு வந்தால்: ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களும், இங்கிருந்து துபாய், சிங்கப்பூர் என்று போய் ஊர்ப்பாசத்தில் பணம் அனுப்புகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். தெருநாய்க்குத் தடுப்பூசி, கருத்தடை, அடிபட்ட மாட்டுக்குச் சிகிச்சை, கடலாமை மீட்பு எல்லாம் செய்வதாகச் சொல்லும் ஓர் அறக்கட்டளை எங்களிடம் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பணம் வாங்கி ஏமாற்றியிருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம் தெரிவதுதான் முக்கியம். நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள்.

நான் மண்டபத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மீன் இறங்கும் இடத்தில் கழிவைத் தின்று வளரும் நாய்கள் எவ்வளவு என்று கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய் கடித்துவிட்டது, ஊசிக்கு எங்கே போக என்று யாராவது கேட்டு வராத வாரமே கிடையாது. அரசு மருத்துவமனையில் இலவசம், இன்றைக்கே போங்கள் என்று அனுப்பிவைப்பேன். அதனால்தான் அந்த அறக்கட்டளைக்காரத் தம்பி ஒருவர் கடைக்கு வந்து, "அக்கா, பிடிச்சு, கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசியும் போட்டு, எடுத்த இடத்துலயே விட்டுருவோம்" என்று சொன்னது எனக்குச் சரியான பேச்சாகப் பட்டது. முறையும் அதுதான். கையில் பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வருமான வரித்துறை கொடுக்கும் 12ஏ, 80ஜி சான்றுகள் எல்லாம் வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட போலி இல்லை. இதைத்தான் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும்: காகிதம் அத்தனையும் அசல், வேலைதான் பொய்.

நானும் பக்கத்துக் கடைக்காரர்களும், துபாயில் இருக்கும் என் சித்தி மகனும் மாதாமாதம் அனுப்பத் தொடங்கினோம். வாட்ஸ்அப்பில் அடிக்கடி வீடியோ வரும். நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள கறுப்பு நாய் ஒன்று, பின்னங்காலில் கட்டு. பாம்பன் பாலத்தில் அடிபட்டது என்று ஒரு தடவை வந்தது. சில மாதம் கழித்து அதே நாய், அதே கட்டு, பரமக்குடி பஸ் நிலையத்தில் மீட்டது என்று வந்தது. கேட்டால், "வீடியோ போடுற பையன் மாத்திப் போட்டுட்டான்க்கா" என்றார்கள்.

கணக்குக் கேட்டபோது ஒரு பில்லைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வெறிநாய்த் தடுப்பூசி 300 டோஸ் வாங்கியதாக இருந்தது. மற்றவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், எனக்குத் தொழிலே பில் பார்ப்பதுதான். விற்ற கடையின் மருந்து உரிம எண் இல்லை. பேட்ச் எண் இல்லை. காலாவதித் தேதி இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் ஒழுங்கான மருந்துக்கடை எதுவும் தடுப்பூசிக்கு பில் போடாது. அப்புறம் இன்னொன்று, இந்த ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் வெளியே கிடந்தால் வீரியம் போய்விடும், நாய்க்குப் போட்டும் போடாத கதைதான். எந்த ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதிலே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆமை வந்தது. விசைப்படகு விசிறி அடித்து ஓடு உடைந்த பங்குனி ஆமை, எங்கள் மையத்தில் தொட்டியில் வைத்துப் பார்க்கிறோம், அறுவைச் சிகிச்சைக்கு அவசரமாக 40,000 ரூபாய் வேண்டும் என்று படத்தோடு செய்தி. பணம் போட வேண்டிய க்யூஆர் கோடு இந்தத் தடவை அறக்கட்டளை பெயரில் இல்லை, தனி ஆள் பெயரில் இருந்தது. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்த பாம்பன் நாட்டுப்படகு மீனவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"அக்கா, இது பங்குனி ஆமை இல்ல, அழுங்காமை. மூக்கப் பாருங்க, கிளி மூக்கு மாதிரி வளைஞ்சிருக்கு. ஓட்டுல தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. பங்குனிக்கு அப்படி இருக்காது. அதுவும் போக, ஆமை அடிபட்டுக் கெடச்சா நாங்க வனத்துறைக்குத்தான் சொல்வோம். சொந்தமாத் தொட்டியில வச்சிருந்தா வச்சவன்தான் உள்ள போவான்."

அவர் சொன்னது அப்படியே சட்டம். கடலாமைகள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தனியார் அமைப்பும் ஆமையை வைத்துக்கொள்ள முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் ஆமை முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதும் வனத்துறைதான். படத்தை கூகுளில் போட்டுத் தேடினோம். எங்கோ வெளிநாட்டு மீட்பு மையம் ஒன்றின் ஆமை அது.

சான்றிதழில் இருந்த முகவரிக்குப் போனோம். உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், பனந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. மூன்று கூண்டு, மூன்றும் காலி. கரண்ட் இணைப்பே இல்லை, ஃபிரிட்ஜுக்கு எங்கே போக? வெளியே ஒரு கிழட்டுப் பெட்டை நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சொறி, தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "படம் எடுக்க மட்டும் வருவாகம்மா, கஞ்சித் தண்ணி நாந்தான் ஊத்துறேன்" என்றார். 200 நாய்களைப் பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிய பணத்தில் அந்த ஒரு நாய்க்குச் சொறி மருந்துகூட வாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நாயை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். இப்போது அந்த அம்மா வீட்டிலேயே இருக்கிறது, மருந்து என் கடையிலிருந்து போகிறது.

போனில் கேட்டதற்கு, "சேவை பண்றவங்களை இப்படிச் சந்தேகப்பட்டா யாருக்கா முன்னால வருவா?" என்றார் அந்தத் தம்பி. உண்மையாகச் சேவை செய்கிறவர்களுக்கு வர வேண்டிய பணத்தைத்தான் இவர்கள் தின்கிறார்கள். தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், மீன் கழுவிச் சம்பாதிக்கும் காசில் தெருநாய்களுக்குச் சோறு போடுகிறார். அறக்கட்டளையும் இல்லை, 80ஜியும் இல்லை. பதிவு இல்லாதவர்கள் எல்லாம் திருடர்களும் இல்லை, பதிவு உள்ளவர்கள் எல்லாம் யோக்கியர்களும் இல்லை.

காகிதம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்ளுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். 80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிச் சலுகை, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான்; 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் எண் இருக்கிறது என்பார்கள். அது பதிவு எண், நல்லவர் என்று அரசு கொடுத்த சான்று இல்லை. ஆனால் ஒரு காகிதம் உதவும். வாங்கிய நன்கொடையை அறக்கட்டளை வருமான வரித்துறையிடம் கணக்குக் காட்டினால்தான் நமக்கு 10பிஇ என்ற சான்று வரும், நிதியாண்டு முடிந்து மே 31க்குள். எங்களில் ஒருவருக்கும் அது வரவில்லை. சர்வர் பிரச்சினை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாங்கியதையே காட்டவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

நாய்க் கருத்தடை என்று சொன்னால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அது இல்லாமல் யாரும் அந்த வேலையைச் செய்யக்கூடாது. எந்த நகராட்சியோடு, எந்தப் பஞ்சாயத்தோடு சேர்ந்து செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள், பிறகு அந்த அலுவலகத்திலேயே போய் விசாரியுங்கள். கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். எங்கள் தெருக்களில் முடித்துவிட்டதாகச் சொன்ன நாய்களில் ஒன்றுக்கும் அது இல்லை. அடிபட்ட மாட்டுக்குப் பணம் கேட்டால், 1962 என்ற எண்ணில் அரசின் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

"நிர்வாகச் செலவே இல்லை, ஒரு ரூபாய் விடாமல் விலங்குகளுக்கே" என்று சொல்கிறவர்களிடம் நான் இனி கூடுதலாகவே விசாரிப்பேன். மருத்துவர் சம்பளம், நாய் பிடிக்கத் தெரிந்த ஆட்களின் கூலி, வண்டி, கரண்ட் பில், இதெல்லாம் சேர்ந்துதான் விலங்கு நலம். யார் உங்கள் மருத்துவர், கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேட்டால் உண்மையாக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் புகார் காவல் நிலையத்திலும் வருமான வரித்துறையிலும் இருக்கிறது. ஆமைப் படத்தை வனத்துறைக்கும் அனுப்பிவிட்டோம். ஆமைக்கு என்று அந்தத் தனி ஆள் கணக்குக்குப் பணம் போட்ட ஒருவர் 1930 சைபர் உதவி எண்ணிலும் புகார் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீது, வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். க்யூஆர் கோடு வந்த படத்தையும் பத்திரமாக வையுங்கள், பணம் யார் கணக்குக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. தொகை 200 ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் பெயரில் தனியாகப் புகார் கொடுங்கள்.