யூரியாவோடு அரைப்பதா, ஐபிஏவில் அதிரவைப்பதா?

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் எங்கள் சின்ன ஷெட்டில் எல்இடி டிரைவர்களுக்கு (விளக்குக்குச் சரியான கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) எபாக்சி என்ற பிசினை ஊற்றி அடைக்கிறோம். அந்த எபாக்சி சூட்டைக் கடத்த வேண்டும், கரண்டைக் கடத்தக் கூடாது. அதற்காகத்தான் போரான் நைட்ரைடு நானோ தகடுகளுக்கு வந்தோம். பென்சில் கரியான கிராபைட் போலவே அடுக்கடுக்கான அமைப்பு, ஆனால் வெள்ளை நிறம், நல்ல மின்காப்பு. ஒற்றை அடுக்கில் அளந்த வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 751 வாட். வெறும் எபாக்சிக்கு சுமார் 0.2 தான். கலவையில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும், ஆனாலும் டிரைவரின் ஆயுளுக்கு அது போதும்.

பவுடரின் அடுக்குகளைப் பிரித்து மெல்லிய தகடாக்க இரண்டு வழிகளையும் செய்து பார்த்தோம். முதலாவது சோனிகேட்டர், அதாவது மீயொலியால் திரவத்தை அதிரவைக்கும் கருவி. ஐபிஏவும் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தண்ணீரும் கலந்து, பவுடரைப் போட்டு, அதன் டைட்டானியம் கம்பியான புரோபை உள்ளே இறக்கி அதிரவைப்பது. கரைப்பானில் இப்படிப் பிரிக்க முடியும் என்று 2011-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். செய்வது சுலபம், ஆனால் பெரும்பகுதி பவுடர் பிரியாமல் அடியிலேயே தங்கிவிடும். ஐபிஏவின் ஆவி 12 டிகிரியிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அதைத் திறந்து வைத்து வேலை செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது, யூரியாவோடு சேர்த்து இரும்புக் குண்டு மில்லில் அரைப்பது. 2015-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறையில் 85 சதவீதம் வரை தகடாகக் கிடைத்தது. யூரியாவிலிருந்து அமீன் குழுக்கள் (நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) தகட்டில் ஒட்டிக்கொள்ளும், அவை எபாக்சியோடு நன்றாகப் பிணையும். உரக்கடை யூரியா வேண்டாம்: அது வேம்பு பூசியது, தொழிலுக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். டெக்னிக்கல் கிரேடுதான் வாங்க வேண்டும். அரைத்து முடிந்ததும் மில்லின் ஜாடியை ஆறவிட்டு, மெதுவாகத் திறக்க வேண்டும். உள்ளே அம்மோனியா அடைந்திருக்கும்.

ஆனால் என்னை மில் பக்கம் முடிவெடுக்க வைத்தது கழுவும் வேலைதான். எந்த வழியில் போனாலும் பவுடரில் அழுக்கு சேரும். புரோபின் நுனி அதிர்ந்து அதிர்ந்து அரிக்கும், டைட்டானியத் துகள் பவுடரோடு கலந்துவிடும். நீர்த்த அமிலத்துக்கு அது லேசில் கரையாது. நுனியைத் தேய்த்துத் தேய்த்து மட்டப்படுத்தி, கடைசியில் புதிது வாங்க வேண்டும். மில்லுக்கு இரும்புக்குப் பதில் ஜிர்கோனியா (கடினமான பீங்கான்) குண்டு போடலாமே என்றார்கள். அதன் தூளும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. இரும்பு அப்படியில்லை. முதல் ஜாடியைத் திறந்தபோது உதவிக்கு இருக்கும் பையன், "இன்னாண்ணே, பவுடரு கறுத்துப் போச்சு" என்று பதறினான். யூரியாவை முதலில் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோம். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது, மேலே நின்ற நீர் மஞ்சளித்தது, சாம்பல் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. போரான் நைட்ரைடுக்கு அந்த அமிலத்தால் ஒன்றும் ஆகாது.

கழுவியது போதுமா என்று பார்க்க, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. யூரியா கரைந்திருந்தாலும் அதில் காட்டாது. கழுவிய நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து லேசாகச் சூடாக்குவேன். ஓரத்தில் ஊசி ஊசியாக வெள்ளை படிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். மீட்டர் கடைசிச் சுற்றில் குளோரைடைப் பார்க்கத்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு, அதனால் அந்தச் சுற்றுக்கு உப்பு நீக்கிய டீயனைஸ்டு வாட்டர் வாங்கியே ஆக வேண்டும். மில் வழியில் தண்ணீர்ச் செலவு உண்மையிலேயே அதிகம். மெல்லிய தகடுகள் தானாக அடியில் படியாது என்பதால், வேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜும் வேண்டும்.

கழுவிய அமில நீருக்குச் சுண்ணாம்பு போட்டால் துருநிறச் சேறு படியும். அதைக் காயவைத்துத் தனியாகக் கட்டி வைக்கிறோம், யூரியா கலந்த நீரையும் டிரம்மில் சேர்த்து ஒப்படைக்கிறோம். ஷெட்டுக்குப் பின்னால் போகும் கால்வாய் ஏற்கெனவே படும் பாடு போதும்.

ஒரு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் நான் அரைத்ததில்லை; பெரிய ஜாடியில் சூடு எப்படி ஏறும் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பிளாட்டினம் கேட்டலிஸ்ட்டால் (வினையூக்கி) இறுகும் சிலிக்கோன் பேட் செய்பவர்களுக்கு யூரியா வழி சரிவராது. அமீன் அந்தப் பிளாட்டினத்தைக் கெடுத்து, பேட் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அவர்களுக்கு சோனிகேட்டர்தான்.